பீடோங்கிலிருந்து தோரோங் லா கணவாய்க்கு: முதல்முறை போகிறவர்களுக்கான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங், குரூண், சுங்கைப்பட்டாணி வட்டாரத்தில் குனோங் ஜெராய் மலையை ஏறி இறங்கிப் பழகிய பிள்ளைகள் அடுத்து எங்கே போகலாம் என்று யோசித்தால், பேச்சு கடைசியில் நேப்பாளத்தில் வந்து நிற்கும். அங்கே அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி வரும் பாதை பேர்பெற்றது. பெசிசகரில் தொடங்கி, மனாங் வழியாக ஏறி, 5,416 மீட்டர் உயரத்திலுள்ள தோரோங் லா கணவாயைக் கடந்து, முக்திநாத்தில் இறங்கி, பொக்காராவில் முடியும். கயிறு கட்டி ஏறும் இடம் எதுவும் இல்லை. நடக்கத் தெரிந்தால் போதும் என்று நம்பிப் பலர் கிளம்புகிறார்கள். கால் போதும், ஆனால் நாள் போதாமல் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம். அதனால் கடப்பிதழுக்கும் காலணிக்கும் முன்னால் நாள்காட்டியை எடுங்கள்.

1. விடுப்புக் கணக்கு

வீட்டை விட்டுக் கிளம்பி வீடு திரும்ப 18 நாள் வேண்டும். இதில் 2 நாள் உபரி. பனி கொட்டினாலோ, தலைவலி வந்தாலோ, விமானம் ரத்தானாலோ அந்த இரண்டு நாள்தான் காப்பாற்றும். 12 நாளில் முடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் பயணத் திட்டங்களில் முதலில் வெட்டப்படுவது ஓய்வு நாள். அதில் சேராதீர்கள்.

வேலைச் சட்டப்படி ஒரே முதலாளியிடம் 2 வருடத்திற்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டு விடுப்பு 8 நாள், 2 முதல் 5 வருடம் வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். கெடாவில் வெள்ளி, சனி வார விடுமுறை உள்ளவர்கள் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினால் 18 நாளில் 6 நாள் விடுமுறையிலேயே கழிந்துவிடும். விடுப்பு 12 நாள் எடுத்தால் போதும். ஆனால் இதில் ஒரு சிக்கல். வெள்ளி மாலை காட்மாண்டு போய்ச் சேர்ந்தால் மறுநாள் சனிக்கிழமை, நேப்பாளத்தில் அரசு விடுமுறை. மலைப் பகுதிக்குள் நுழையும் பெர்மிட் வேலையை முன்கூட்டியே முகவரிடம் கொடுத்து முடித்திருக்காவிட்டால் ஒரு நாள் வீணாகும்.

பருவம் இரண்டு. அக்டோபர் தொடக்கம் முதல் நவம்பர் நடுப்பகுதி வரை ஒன்று, மார்ச் கடைசியும் ஏப்ரலும் மற்றொன்று. அக்டோபரில் வானம் தெளிவாக இருக்கும், ஆனால் நேப்பாளியரின் தசைன், திகார் பண்டிகைகளும் இந்தப் பருவத்தில்தான் வரும். திகார் நம் தீபாவளியை ஒட்டியே வருவதால் பேருந்தில் இடம் கிடைக்காது. தங்கும் வீடுகளும் நிரம்பிவிடும். தீபாவளிக்கு வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்பவர்கள் ஏப்ரலைத் தேர்ந்தெடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கணவாய் பனியில் மூடிக்கிடக்கலாம், புதியவர்களுக்கு ஏற்றதல்ல.

2. கடப்பிதழ், விசா, பெர்மிட்

கடப்பிதழ் திரும்பி வரும் நாளிலிருந்து குறைந்தது 6 மாதம் செல்லுபடியாக வேண்டும். புதுப்பிக்க 200 ரிங்கிட். விமானச் சீட்டு வாங்கும் முன் இதைப் பாருங்கள், வாங்கிய பிறகு அல்ல.

மலேசியர்களுக்குக் காட்மாண்டு விமான நிலையத்திலேயே விசா கிடைக்கும். 15 நாளுக்கு 30 அமெரிக்க டாலர், 30 நாளுக்கு 50 டாலர். நீங்கள் 18 நாள் போகிறீர்கள், ஆகவே 30 நாள் விசாதான். 20 டாலர் மிச்சம் பிடிக்க 15 நாள் விசா எடுத்தால், நீட்டிக்கும் செலவும் அலைச்சலும் அதைவிட அதிகம். விண்ணப்பப் படிவத்தை நேப்பாளக் குடிநுழைவுத் துறையின் இணையப் பக்கத்தில் கிளம்பும் வாரத்தில் நிரப்பி, அச்செடுத்துக்கொள்ளுங்கள். ரொம்ப முன்னாலேயே நிரப்பினால் பதிவு காலாவதியாகிவிடும். டாலரைக் கிழியாத, கறைபடாத தாளாக இங்கேயே மாற்றி வையுங்கள்.

அடுத்தது பெர்மிட். அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் நுழைய வெளிநாட்டவருக்கு 3,000 நேப்பாள ரூபாய். இதோடு மலையேறுவோர் பதிவு அட்டை ஒன்று உண்டு, டிம்ஸ் என்பார்கள், 2,000 ரூபாய். 2023 ஏப்ரல் 1 முதல் உரிமம் பெற்ற கைடு ஒருவரைப் பதிவுபெற்ற முகவர் மூலம் அமர்த்த வேண்டும் என்பது விதி. வழியில் சிலரைத் தனியாகப் பார்க்கலாம். அவர்களை வைத்து விதி இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். முகவரிடம் கடப்பிதழ்ப் படியையும் கடப்பிதழ் அளவு புகைப்படத்தையும் பத்து நாள் முன்னால் அனுப்பிவிட்டால் நீங்கள் இறங்கும்போது பெர்மிட் தயாராக இருக்கும். கூடுதலாக 4 புகைப்படம், எல்லா ஆவணங்களுக்கும் இரண்டு படி. ஒன்று பையில், ஒன்று வீட்டில்.

கைடை அமர்த்தும்போது எழுத்தில் வாங்க வேண்டியவை மூன்று: நாள் கூலிக்குள் அவருடைய சாப்பாடும் தங்குமிடமும் அடக்கமா, அவருக்குக் காப்புறுதி இருக்கிறதா, நீங்கள் நோயால் பாதியில் திரும்பினால் மீதிப் பணம் என்னவாகும்.

3. காப்புறுதி

இங்கே விற்கப்படும் சாதாரணப் பயணக் காப்புறுதியை வாங்கிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். விதிவிலக்குகள் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலை நடைக்கு இழப்பீடு இல்லை என்று அங்கே சின்ன எழுத்தில் இருக்கும். உங்களுக்குத் தேவை 6,000 மீட்டர் வரை செல்லும் நடைக்கும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் ஈடு தரும் காப்புறுதி. ஹெலிகாப்டரை அழைக்கும் முன் காப்புறுதி நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும் என்று பெரும்பாலானவற்றில் நிபந்தனை இருக்கும். அவசர எண்ணையும் பாலிசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி உங்கள் கைடிடம் கொடுத்துவிடுங்கள். மயங்கிக் கிடப்பவர் கைப்பேசியைத் திறந்து எண் தேட முடியாது.

4. ஜெராயில் செய்ய வேண்டிய பயிற்சி

மூன்று மாதம் ஒதுக்குங்கள். ஜெராய் 1,217 மீட்டர்தான், ஆனால் அடிவாரம் கடல்மட்டத்துக்கு அருகில் இருப்பதால் ஏற்றம் முழுசாகக் கிடைக்கும். கணவாய் நாளன்று நீங்கள் ஏறப்போவது சுமார் 1,000 மீட்டர், இறங்கப்போவது சுமார் 1,600 மீட்டர். அதனால் மெர்போக் பக்கம் துப்பாவிலிருந்து படிக்கட்டுப் பாதையில் முதுகில் 7 கிலோ வைத்து ஏறுங்கள். முக்கியமாக, நடந்தே இறங்குங்கள். குரூண் பக்கம் தார்ச் சாலை இருக்கிறதே என்று வண்டி பிடித்து இறங்குகிறவர்களுக்கு முக்திநாத் இறக்கத்தில் முட்டி போய்விடும். வாரம் ஒரு நாள் மலை, இரண்டு நாள் தோட்டச் சாலையில் ஒரு மணி நேர வேக நடை, கடைசி மாதத்தில் இரண்டு நாள் தொடர்ந்து மலை. இது போதும்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். இந்தப் பயிற்சி காலுக்கும் மூச்சுக்கும்தான். உயரத்துக்கு உடம்பைப் பழக்க தீபகற்பத்தில் இடமே இல்லை. குனோங் தாஹானே 2,187 மீட்டர்தான். கினபாலு 4,095 மீட்டர், ஆனால் அங்கே ஏறி வந்த பழக்கம் சில வாரங்களில் உடம்பை விட்டுப் போய்விடும். மாரத்தான் ஓடுகிறவருக்கும் மலைநோய் வரும். சொல்லப்போனால், உடல் வலு உள்ளவர்கள் வேகமாக ஏறிவிடுவதால் அவர்களுக்குச் சீக்கிரம் வந்துவிடுவதும் உண்டு.

5. மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளில் சாதாரணம் என்பதால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கிளம்ப 6 வாரம் முன்னால் கிளினிக் போய், 5,400 மீட்டர் உயரம் போகிறேன் என்று எண்ணோடு சொல்லுங்கள். ‘மலை ஏறப் போகிறேன்’ என்றால் அவர் கேமரன் மலையை நினைத்துத் தலையாட்டக்கூடும்.

இன்சுலின் போடுகிறவர்கள் அதை உறைய விடக்கூடாது. ஒருமுறை உறைந்த மருந்தைப் பயன்படுத்தக்கூடாது. பகலில் உள்சட்டைப் பையில், இரவில் தூக்கப் பைக்குள். குளூக்கோமீட்டரும் குளிரில் தவறாகக் காட்டும், அதையும் உடம்புச் சூட்டில் வையுங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் தினமும் மாலையில் பாதத்தைக் கையால் தடவிப் பாருங்கள், கொப்புளம் வந்தது தெரியாமலே நடந்துவிடுவீர்கள்.

மலைநோய்த் தடுப்புக்குத் தரப்படும் மாத்திரை அசிட்டசோலமைடு, கடையில் டயாமாக்ஸ் என்ற பெயரில் தெரியும். பெரியவர்களுக்கு வழக்கமான தடுப்பு அளவு காலையில் 125 மில்லிகிராம், இரவில் 125 மில்லிகிராம். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களும், நீர் பிரியும் மாத்திரை ஏற்கெனவே எடுக்கிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. விரல் நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். வீட்டில் இருக்கும்போதே இரண்டு நாள் எடுத்துப் பார்த்து, உடம்பு ஏற்கிறதா என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

6. காலணி, துணி

ஜெராயிலும் தோட்டத்திலும் கம்போங் அடிடாஸ் என்று நாம் போடும் ரப்பர்ச் செருப்புச் சப்பாத்துக்கு நிகர் இல்லை. சகதியில் பிடிக்கும், விலையும் குறைவு. தோரோங் லாவுக்கு அது ஆகாது. குளிரில் ரப்பர் விறைத்துப்போகும், பாறையில் பிடிப்பு குறையும். உள்ளே பஞ்சு இல்லாததால் பனியின் குளிர் நேராகப் பாதத்தில் ஏறும். வியர்வை வெளியேற வழியில்லாமல் காலுறை நனையும். அதிகாலை −10 பாகைக்குக் கீழே நனைந்த காலுறையோடு நான்கு மணி நேரம் நடந்தால் விரல் உறைந்து கறுத்துப்போகும். கணுக்கால் மூடும், நீர் புகாத நடைக்காலணி வாங்குங்கள். அரை அளவு பெரியதாக, தடித்த காலுறை போட்டுப் பார்த்து வாங்கி, ஜெராயில் ஐந்தாறு தடவை போட்டுப் பழக்குங்கள். புதுக் காலணியோடு நேப்பாளம் போகாதீர்கள்.

மற்ற குளிர்ச் சாமான்களை இங்கே வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். இறகு நிரப்பிய சட்டை, −15 பாகை தாங்கும் தூக்கப் பை, நடைக்கோல், காலணியில் மாட்டும் பனிமுள் எல்லாம் காட்மாண்டு தாமேலில் வாடகைக்குக் கிடைக்கும். பையின் ஜிப்பை முழுக்க மூடித் திறந்து பாருங்கள். முன்பணத்துக்குச் சீட்டு வாங்குங்கள். கடப்பிதழை அடகாகக் கேட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

பருத்திச் சட்டை வேண்டாம், வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். கருப்புக் கண்ணாடி கட்டாயம். பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் சில மணி நேரத்தில் கண்ணைச் சுட்டுவிடும். தலைவிளக்கு ஒன்று, கூடுதல் பேட்டரி ஒரு செட்.

7. பணம்

கைடுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 35 டாலர், சுமை தூக்கும் போர்ட்டருக்கு 20 முதல் 25 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் சேர்ந்து போனால் இது பாதியாகும். இரண்டு பேருக்கு ஒரு போர்ட்டர் என்றால் மொத்தச் சுமை 20 கிலோவைத் தாண்டக்கூடாது. அவரும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். சாப்பாடு, தங்குமிடம் நாளுக்கு 3,000 முதல் 4,500 ரூபாய். உயரம் கூடக் கூட விலையும் கூடும், ஏனென்றால் அரிசி கோவேறு கழுதை முதுகில் வருகிறது. அறை மலிவு, ஆனால் தங்கும் இடத்திலேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதப்படாத ஒப்பந்தம். விமானச் சீட்டு, காப்புறுதி, வாடகை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 5,500 முதல் 7,000 ரிங்கிட் ஒதுக்குங்கள். நாணய மாற்று விகிதம் மாறினால் இதுவும் மாறும்.

மலைமேல் ஏடிஎம்மை நம்ப வேண்டாம். பெசிசகரிலிருந்து ஜோம்சோம் வரை ஆகும் செலவை ரொக்கமாக, சின்னத் தாள்களாக எடுத்துப் போங்கள். சிம் அட்டையில் நேப்பாள் டெலிகாம் இந்தப் பள்ளத்தாக்கில் நன்றாக எடுக்கிறது.

8. பெசிசகர் முதல் மனாங் வரை

காட்மாண்டிலிருந்து பெசிசகருக்குப் பேருந்தில் ஏறக்குறைய ஒரு பகல். அங்கிருந்து ஜீப். இந்த வழியின் மிகப் பெரிய பொறி அந்த ஜீப்தான். இப்போது மனாங் வரை வண்டிப் பாதை இருக்கிறது. 760 மீட்டரிலிருந்து 3,540 மீட்டருக்கு ஒரே மூச்சில் கொண்டுபோய் இறக்கிவிட ஓட்டுநர்கள் தயார். இரண்டு நாள் மிச்சம் என்று தோன்றும். அந்த இரவே தலை வெடிக்கும்.

தாராபானி (சுமார் 1,900 மீட்டர்) வரை ஜீப்பில் போங்கள், பிறகு நடங்கள். இரவுத் தங்கல் இப்படி இருக்கட்டும்: சாமே 2,670, மேல் பிசாங் 3,300, ங்காவல் 3,660, மனாங் 3,540 மீட்டரில் இரண்டு இரவு, யாக் கார்கா 4,050, தோரோங் பேடி 4,450. கீழ்ப்பாதை சுலபம்தான்; ஆனால் பிசாங்கிலிருந்து க்யாரு வழியாகப் போகும் மேல்பாதையில் உயரம் சீராகப் பழகும், அன்னபூர்ணா சிகரங்களும் கண்ணெதிரே நிற்கும். மேல்பாதையை விட்டுவிடாதீர்கள்.

மனாங்கில் ஓய்வு நாள் என்றால் போர்த்திப் படுப்பதல்ல. காலையில் 300, 400 மீட்டர் மேலே ஏறி, ஒரு மணி நேரம் இருந்து, இறங்கி வந்து தூங்குங்கள். பருவ காலத்தில் அங்கே ஹிமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ நிலையம் திறந்திருக்கும். மலைநோய் பற்றி மருத்துவர்கள் தினமும் விளக்கம் தருவார்கள். போய் உட்காருங்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, பருப்பும் சோறும் காய்கறியுமாகத் தால் பாத் எங்கும் கிடைக்கும், கேட்டால் மறுபடியும் போடுவார்கள். சைவர்களுக்கு இதைவிட வசதியான மலைப்பாதை கிடைப்பது அரிது. மேலே இறைச்சி நாள்பட வந்து சேருவதால் மற்றவர்களும் சைவமாகவே இருப்பது வயிற்றுக்கு நல்லது. ஒரு நாளைக்கு 3 லிட்டராவது தண்ணீர் குடியுங்கள், குளோரின் மாத்திரை போட்டு அரை மணி நேரம் விட்டு. கோவேறு கழுதைக் கூட்டம் எதிரே வந்தால் மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும்.

9. மலைநோயை அடையாளம் காண்பது

2,500 மீட்டருக்கு மேல் தலைவலி வந்து, கூடவே குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், அசாதாரணக் களைப்பு இவற்றில் ஒன்று இருந்தால் அது மலைநோய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘வெயில் பட்டது, தூக்கம் கெட்டது’ என்று காரணம் தேடாதீர்கள். அந்த இடத்திலேயே தங்குங்கள். சரியானால் மறுநாள் ஏறலாம், கூடினால் இறங்க வேண்டும்.

ஆளைக் கொல்லும் வடிவங்கள் இரண்டு. மூளை வீங்கினால் பேச்சு குழறும், நடை தள்ளாடும். சோதிக்க, தரையில் நேர்கோட்டில் குதிகாலும் பெருவிரலும் தொடத்தொட நடக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் சந்தேகமே வேண்டாம். நுரையீரலில் நீர் கோத்தால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமலில் நுரையோ இளஞ்சிவப்புச் சளியோ வரும். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான், உடனே இறங்குவது. நள்ளிரவாக இருந்தாலும், கூட ஒருவரை அனுப்பி இறக்குங்கள். விடியட்டும் என்று காத்திருப்பது ஆபத்து.

கூட்டத்தில் ஒருவர் திடீரென்று பேச்சைக் குறைத்து, தட்டில் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால் அவரைக் கவனியுங்கள். நம் பையன்கள் மற்றவர்கள் பயணம் கெடக்கூடாதென்று வாய்திறக்க மாட்டார்கள். அதனால் தினமும் இரவுச் சாப்பாட்டின்போது தலைவலி இருக்கிறதா என்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பதைக் கட்டாய வழக்கமாக்குங்கள்.

10. கணவாய் நாள்

மனாங்கை விட்டு ஏறும் முன் வங்காள விரிகுடாவில் புயல் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கோ இருக்கும் கடலுக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். 2014 அக்டோபர் 12-இல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுட்ஹுட் புயலின் எச்சம்தான் 14-ஆம் தேதி இந்தப் பகுதியில் பனிப்புயலாகக் கொட்டி 40க்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. கணவாயில் இருந்தவர்களில் பலர் அந்தப் பனியில் முக்திநாத் பக்கம் இறங்க முயன்று வழி தவறினார்கள். புயல் செய்தி இருந்தால் உபரி இரண்டு நாளையும் மனாங்கிலேயே செலவழியுங்கள்.

யாக் கார்காவிலிருந்து பேடி போகும் வழியில் கல் உருளும் சரிவு ஒன்று உண்டு. பையை இறக்கிப் படம் எடுக்கும் இடமல்ல, காலையிலேயே நிற்காமல் கடந்துவிடுங்கள். பேடியில் தங்குவதா, 4,880 மீட்டரிலுள்ள ஹை கேம்ப்பில் தங்குவதா என்று கைடு கேட்பார். பேடியே நல்லது. ஹை கேம்ப்பில் தூங்கினால் மறுநாள் ஏற்றம் குறையும், ஆனால் அந்த இரவில் பலருக்குத் தூக்கமே வராது, தலைவலியும் தொடங்கும்.

காலை 4 மணிக்குக் கிளம்புங்கள். 10 மணிக்கு மேல் கணவாயில் காற்று ஆளைத் தள்ளும். தண்ணீர்க் குழாய்ப் பை உறைந்துவிடும். அகல வாய்ப் புட்டியில் வெதுவெதுப்பான நீர் ஊற்றித் தலைகீழாக வையுங்கள், மேலே உறைந்தாலும் மூடிப் பக்கம் திறக்கும். கைப்பேசியை உள்சட்டையில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே இருந்தால் பேட்டரி செத்துவிடும். பக்கத்தில் நடப்பவரோடு முழு வாக்கியம் பேச முடியாவிட்டால் வேகம் அதிகம், குறையுங்கள். உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். வழிநெடுக, இதோ வந்துவிட்டது என்று நினைக்கவைக்கும் பொய் முகடுகள் பல வரும், அவற்றை நம்பி வேகம் கூட்டாதீர்கள். பேடியிலிருந்து மேலே போக நான்கைந்து மணி நேரம்.

11 மணிக்குள் உச்சி எட்டவில்லை என்றால் திரும்புவது என்று முந்தின இரவே எல்லாரும் பேசி வையுங்கள். மேலே போனபின் மூளை மந்தமாக இருக்கும், அங்கே வைத்து முடிவெடுக்க முடியாது. கொடித் தோரணம் கட்டிய பலகை முன் படம் எடுக்கப் பத்து நிமிடம், உடனே இறக்கம். 1,600 மீட்டர், சரளைக்கல். நடைக்கோலை நீட்டிவிட்டு, முட்டியைச் சற்று மடக்கி, குறுக்குக் கோணத்தில் இறங்குங்கள். விழுகிறவர்களில் பலர் விழுவது இங்கேதான்.

இந்தச் சுற்றை எதிர்த்திசையில் செய்யாதீர்கள். முக்திநாத் பக்கமிருந்து ஏறினால் இந்த 1,600 மீட்டரையும் ஒரே நாளில் ஏற வேண்டிவரும், உடம்பைப் பழக்கிக்கொள்ளச் சரியான தங்கலும் இல்லை.

11. முக்திநாத்தும் திரும்பும் வழியும்

முக்திநாத் 108 திவ்ய தேசங்களில் ஒன்றான திருச்சாளக்கிராமம் என்பதால் கணவாய் இறங்கிய கையோடு கோயிலின் 108 நீர்த்தாரையிலும் தலைகாட்ட ஆசை வரும். அன்றைக்கு வேண்டாம். களைத்து, வியர்த்து, உடம்பில் சூடு தீர்ந்த நிலையில் பனி உருகிய நீர் பட்டால் நடுக்கம் நிற்காது. மறுநாள் வெயில் ஏறியபின், துவட்டத் துண்டும் மாற்றுத் துணியும் கையில் பிடித்தபடி ஒருவர் நிற்க, குளியுங்கள். இதய நோய் உள்ளவர்கள் தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

அப்பா அம்மாவைக் கோயிலுக்கு மட்டும் வரவழைத்துச் சேர்ந்து தரிசிக்க நினைப்பவர்கள் உண்டு, நல்ல எண்ணம். பொக்காரா சுமார் 820 மீட்டர், முக்திநாத் 3,800. ஒரே நாளில் கொண்டுவந்தால் அவர்களுக்கும் மலைநோய் வரலாம். ஜோம்சோமில் (2,720 மீட்டர்) ஓர் இரவு தங்கவைத்து, அடுத்த நாள் காலையில் ஏற்றி, மாலைக்குள் கீழே இறக்கிவிடுங்கள்.

ஜோம்சோமிலிருந்து பொக்காராவுக்கு விமானம் 20 நிமிடம், ஆனால் பகலில் பள்ளத்தாக்கில் காற்று எழும்புவதால் காலையில் மட்டுமே பறக்கும், அதுவும் அடிக்கடி ரத்தாகும். ரத்தானால் மறுநாளுக்குக் காத்திருக்காமல் அன்றே பேருந்தோ ஜீப்போ பிடியுங்கள், ஒரு முழுப் பகல் ஆகும். காட்மாண்டு வந்து கோலாலம்பூர் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது ஒரு முழு நாள் கையில் இருக்கட்டும். வாடகைச் சாமானைத் திருப்பிக் கொடுத்து முன்பணம் வாங்குவது, கைடுக்கும் போர்ட்டருக்கும் அன்பளிப்பைத் தனித்தனி உறையில் அவரவர் கையிலேயே கொடுப்பது, மீந்த நேப்பாள ரூபாயை அங்கேயே மாற்றிக்கொள்வது, எல்லாம் அந்த ஒரு நாளில் முடிக்க வேண்டிய வேலை.